அடிமைத்தளையும் தோள்சீலையும்



அன்புக்கொடி மக்களே, அடிமை ஒழிவது வேறு, பெண்ணின் மானம் காப்பது வேறு என்று எண்ணுவோர் உண்டு. அய்யா வைகுண்டர் வாழ்ந்த திருவிதாங்கூரில் இரண்டும் ஒரே தளையாய் இருந்தன.

அந்நாட்டில் புலையர், பறையர் முதலிய மக்களை ஆடுமாடு போல் விற்றார்கள். சாணார் என்று இகழப்பட்ட மக்கள் கூலியில்லாத ஊழியம் செய்தார்கள். தலைக்கு வரி கொடுத்தார்கள். ஆண்மகன் தலைப்பாகை கட்டக் கூடாது. பெண்மகள் இடுப்பில் குடம் எடுக்கக் கூடாது. தோளில் சீலை போடக் கூடாது. மூடாத மார்பே அவள் தாழ்ந்தவள் என்பதற்கு அடையாளம். அந்தத் தோள்சீலைக் கொடுமையை அகிலத்திரட்டு அம்மானை மறைக்காமல் சொல்லுகிறது.

அய்யா ஆண்களைத் தலைப்பாகை கட்டி வரச் சொன்னார். முத்திரிக்கிணற்றில் பதினெட்டுச் சாதியும் ஒரே நீரை இறைக்க வைத்தார். வாகைப்பதித் துவையல் தவசுக்கு 700 குடும்பங்கள் போயின. ஆண்கள் மட்டும் போகவில்லை. பெண்களும் பிள்ளைகளும் துவைத்து உடுத்தித் தவமிருந்தார்கள். உடுக்க உரிமையில்லை என்று உலகம் சொன்ன உடம்பு, அய்யாவின் முன் தூய ஆடையோடு நின்றது.

அய்யா வைகுண்டம் சென்றது 1851இல். 1855இல் அடிமைமுறை ஒழிந்தது என்று அரசாணை வந்தது. ஆனாலும் 1858, 1859ஆம் ஆண்டுகளில் தோள்சீலை போட்ட பெண்கள் தாக்கப்பட்டார்கள். அவர்கள் ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1859 ஜூலை 26இல்தான் மார்பை மறைக்க அனுமதி கிடைத்தது. அதிலும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு தடை இருந்தது.

மக்களே, இதை ஆய்ந்து பாருங்கள். அடிமை இல்லை என்று ஏட்டில் எழுதிய பிறகும், பெண்ணின் தோளில் அடிமைத்தனம் நான்கு ஆண்டு தங்கியிருந்தது. பெண்ணை விட்டுவிட்டு வரும் விடுதலை பாதி விடுதலைதான்.

பதியில் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கிறவன், வீட்டுக்குப் போய் மனைவியைத் தலைகுனிய வைத்தால், அவன் கட்டியது வெறும் துணி. மகனைப் படிக்க வைத்து மகளை நிறுத்துகிற வீட்டில் பழைய ஊழியம் இன்னும் நடக்கிறது. அவளைக் கேளாமல் அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடிப்பதும் அப்படியே.

பள்ளியறைக் கண்ணாடி முன் ஆணும் நிற்கிறான், பெண்ணும் நிற்கிறாள். கண்ணாடி இருவரையும் ஒன்றுபோலவே காட்டுகிறது. எளியவரைத் தாங்குவது தர்மம் என்றால், அந்தத் தர்மம் அவரவர் வீட்டு அடுப்படியில் தொடங்கட்டும்.

அய்யா துணை.