பக்கப் பார்வை

மூன்று மானிட்டர் வாங்குவதா, ஒன்றோடு நிறுத்திக்கொள்வதா என்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப்போகிறேன் என்றதும் நண்பன் சிரித்தான். "காசு இருந்தா வாங்கு, இல்லன்னா சும்மா இரு. இதுல எழுத என்னடா இருக்கு?" போன வருஷம் வரை எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

தெரியாதவர்களுக்கு: சிம் ரேசிங் என்பது கார் கேம்தான். ஆனால் அப்படிச் சொன்னால் ஆடுகிறவர்களுக்குக் கோபம் வரும். மேசை விளிம்பில் ஸ்டீயரிங்கை இறுக்கி, காலடியில் பெடல் வைத்து, நிஜமான ரேஸ் டிராக்குகளை லேசரால் அளந்து உருவாக்கிய பாதைகளில் ஓட்டுவது. ஐரேசிங் 2008இல் வந்தது, அசெட்டோ கோர்சா 2014இல். டயரின் சூடு, டேங்கில் குறையும் பெட்ரோலின் எடை வரை கணக்கில் எடுத்துக்கொள்ளும். முக்கியமான விஷயம், ஆன்லைனில் உங்களோடு ஓடும் கார்கள் ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் இருக்கிறார். எங்கோ ஒரு ஊரில், வேலை முடிந்து, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, அந்த ஒரு மணி நேரத்துக்காக உட்கார்ந்திருக்கிற ஆள்.

நான் ஓட்டுவது கட்டுமாவடியில். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. 2020 ஊரடங்கில் சென்னையிலிருந்து லேப்டாப்போடு வந்தவன் திரும்பிப் போகவில்லை, வேலை இங்கிருந்தே. உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது, பெடலின் ஸ்பிரிங் உட்பட. கரண்ட் போனால் ரேஸ் போச்சு. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது இந்தப் பக்கம் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தது. அதை நினைத்தால் இந்த மேசை, ஸ்டீயரிங் எல்லாமே கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் தெரியும். அம்மா கேட்பது ஒன்றுதான்: "வேல முடிஞ்சும் அதே சேர்லயே உக்காந்துருக்கியே, முதுகு வலிக்காதா?"

27 அங்குல மானிட்டர் ஒன்றின் அகலம் கிட்டத்தட்ட 60 சென்டிமீட்டர். கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி அதை வைத்தால், கண்ணில் அது பிடிக்கும் கோணம் 53 டிகிரி. மனிதனின் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்ப்பது ஏறக்குறைய 200 டிகிரி. அதாவது கால்வாசி அளவுக்கு ஒரு சன்னல். மீதி இருட்டு. இல்லை, இருட்டுகூட இல்லை, அங்கே என் அறையின் சுவரும் காலண்டரும்தான்.

இந்தச் சன்னலை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். கேமிலும் 53 டிகிரி என்றே செட் பண்ணலாம். அப்போது தூரங்கள் சரியாக இருக்கும், எங்கே பிரேக் அடிப்பது என்று கண் சரியாகச் சொல்லும். ஆனால் பக்கத்தில் எதுவும் ஓடாததால் வேகமே தெரியாது. 200 கிலோமீட்டரில் போகும்போது மாட்டுவண்டியில் போவதுபோல இருக்கும். அல்லது 90 டிகிரியை அந்த 60 சென்டிமீட்டருக்குள் திணிக்கலாம். பக்கத்துக் காரின் மூக்கு தெரியும், வேகம் பறக்கும். ஆனால் எதிரே உள்ள வளைவு நிஜத்தைவிடச் சிறிதாக, தூரமாகத் தெரியும். இன்னும் தூரமிருக்கிறதே என்று போய் மணலில் இறங்குவீர்கள். பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்கில் முதல் வளைவே கொண்டை ஊசி, லா சோர்ஸ் என்று பெயர். சரியான கோணத்தில் வைத்துக்கொண்டு ஒற்றைத் திரையில் போனால், ஸ்டீயரிங்கைத் திருப்புகிற நேரத்தில் வளைவின் உள்முனை திரையைவிட்டு வெளியே போய்விடும். அதற்குப் பிறகு ஓட்டுவது ஞாபகத்தில்தான்.

குறுகலான உண்மையா, அகலமான பொய்யா என்பதே ஒற்றை மானிட்டர்காரனின் நிலைமை. நான் மூன்று வருஷம் பொய்யில் ஓட்டினேன். அது பொய் என்றே தெரியாது.

சென்னையில் நண்பன் வீட்டில்தான் முதன்முதலாக மூன்று மானிட்டருக்கு நடுவே உட்கார்ந்தேன். நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் மடித்த கதவுபோல ஒவ்வொன்று. வேகம் வந்தது. அது எதிர்பார்த்ததுதான், ஓரக்கண் அசைவுக்கென்றே இருக்கிறது. எதிர்பார்க்காதது வேறு. ஒரு வளைவுக்குள் நுழையும்போது இடது பக்கம் ஒரு சிவப்பு கார் இருந்தது. திடீரென்று வரவில்லை, இருந்தது. அதற்கு இடம் விட்டுத் திருப்பினேன். இரண்டு காரும் உரசாமல் வெளியே வந்தன. மூன்று வருஷத்தில் அப்படி ஒரு வளைவை நான் யாரோடும் பகிர்ந்து ஓட்டியதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ஊருக்குத் திரும்பியதும் ஆசை பிடித்துக்கொண்டது. இந்த இடத்தில் திதரோவைச் சொல்லாமல் இருக்க முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர், கலைக்களஞ்சியம் தொகுத்தவர். தன் பழைய வீட்டு அங்கியைப் பிரிந்த வருத்தத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். புது அங்கி வருகிறது; அதன் பக்கத்தில் நாற்காலி அசிங்கமாகத் தெரிகிறது, நாற்காலி மாறுகிறது; பிறகு மேசை, பிறகு சுவரில் மாட்டிய படங்கள். கடைசியில் அவர் வீடு அவருடையதாக இல்லை. மானிட்டரும் அதே கதைதான். மூன்று திரை வந்தால் மேசை தாங்காது, தனி ஸ்டாண்டு வேண்டும். 1080பி திரை மூன்று என்றால் 62 லட்சம் புள்ளிகள். பழைய கிராஃபிக்ஸ் கார்டு திணறும். கார்டு மாறினால் பவர் சப்ளை மாறும். இன்வெர்ட்டர் தாங்குமா? ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். லட்சத்தைத் தொட்டது.

மாற்று வழிகளும் இருக்கின்றன. 34 அங்குல அல்ட்ராவைடு ஒன்று வாங்கினால் அதே தூரத்தில் 67 டிகிரி கிடைக்கும். படம் பார்க்க நன்றாக இருக்கும், பக்கத்துக் கார் அப்போதும் தெரியாது. விஆர் ஹெட்செட் மாட்டினால் தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் உலகம். ஆனால் அதை மாட்டிக்கொண்டால் நிஜ வீட்டில் யார் கூப்பிட்டாலும் தெரியாது. அதை முதலிலேயே அடித்துவிட்டேன்.

ஆசைக்குக் காரணம் வேண்டுமே. நல்ல காரணம் ஒன்று கிடைத்தது. தனியாக, நேரத்தோடு மட்டும் போட்டி போட்டு ஓட்டுகிறவனுக்கு ஒரு திரை போதும். அவன் பார்க்க வேண்டியதெல்லாம் எதிரே இருக்கிறது. மற்றவர்களோடு ஓட்டுகிறவனுக்கு மட்டும்தான் பக்கங்கள் தேவை. ஆக, நடுத்திரை எனக்காக, பக்கத் திரைகள் மற்றவர்களுக்காக. நான் பார்க்காமல் இடித்துத் தள்ளுகிற ஒவ்வொரு காரும் எங்கோ ஒருவர் ஒதுக்கிய ஒரு மணி நேரம். மூன்று மானிட்டர் என்பது ஆடம்பரம் அல்ல, மரியாதை.

அழகான வாதம். இன்றைக்கும் அதில் எனக்குப் பிழை தெரியவில்லை. ஆனால் நமக்கு வேண்டியதையே அறமும் சொல்லும்போது கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

நிறுத்தியது அப்பா. நாற்பது வருஷம் நாட்டுப்படகில் போனவர், நண்டு வலை. இப்போது படகைச் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார்; அப்பா விடியற்காலையில் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு ஏலத்துக்கு மட்டும் போய்வருவார். கொஞ்ச நாளாக வீட்டில் எதையாவது தட்டிவிட்டபடி இருந்தார். தண்ணிச் சொம்பு, மிதவைக் குவியல், ஒருதரம் நிலைப்படி. "கண்ணு தெரியலியா?" என்று அம்மா கேட்டால், "நல்லாத் தெரியுதே" என்று பேப்பரை எடுத்துப் படித்துக் காட்டுவார். பொய் இல்லை. ஊசியில் நூல் கோத்து வலை முடிவார். பிறகு ஒருநாள் சாலையில் ஒரு ஆட்டின் மேல் வண்டியை விட்டுவிட்டார். ஆட்டுக்கு ஒன்றுமில்லை, இவருக்கு முழங்கை தேய்ந்துபோனது. "திடீர்னு வந்துருச்சுடா."

மதுரைக்குக் கூட்டிப்போனேன். கண் அழுத்தம் பார்த்தார்கள், பிறகு ஒரு சோதனை. வெள்ளைக் கிண்ணம்போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரங்களில் சின்னச் சின்ன வெளிச்சம் வந்து போகும். தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். "நடுவுல மட்டும் பாருங்கய்யா, தேடக்கூடாது" என்றது அங்கிருந்த பெண். அப்பா கையில் கண்ட்ரோலர்போல ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் பொத்தான் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் சத்தமே வரவில்லை.

க்ளாக்கோமா. பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். பெரும்பாலும் பக்கப் பார்வை முதலில் போகும். நடு கடைசிவரை தெளிவாக இருக்கும். போனது திரும்பாது, சொட்டு மருந்து போட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம். அச்சடித்த தாளில் கறுப்பு அடித்திருந்த இடங்களை டாக்டர் காட்டினார். பஸ்ஸில் அப்பா அதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். "கறுப்பா ஒண்ணும் தெரியலையேடா எனக்கு." தெரியாதுதான். இல்லாத இடத்தை மூளை அக்கம்பக்கத்து நிறத்தைப் பூசி மூடிவிடும். அதனால்தான் எல்லாம் திடீரென்று வருகிறது.

இங்கே ஒரு சுலபமான கட்டுரை இருக்கிறது: மகன் பொம்மைக் காருக்குப் பக்கப் பார்வை வாங்கப் பணம் சேர்க்கிறான், அப்பாவின் பக்கப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, மகன் மனம் மாறி பணத்தை மருத்துவத்துக்குக் கொடுக்கிறான். அப்படி நடக்கவில்லை. சொட்டு மருந்து எங்களுக்குக் கட்டுப்படியாகிற செலவுதான், பணம் ஒரு தடையாகவே இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். தடை, டிவிஎஸ் சாவியை வாங்கி வைப்பது. ஒரு மாசம் நான் அதைச் செய்யவில்லை.

பக்கத்துக் காரில் முகம் தெரியாத ஒருவருக்காக லட்சம் ரூபாய் வாதம் வைத்திருந்தவன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறுக்கே போகும் சாலையில் அப்பா ஓட்டுவதைத் திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவர் உரிமை, அவர் ஆபத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரியில்லை. பார்க்காமல் ஓட்டுகிறவரின் ஆபத்து ஓரத்தில் நிற்கிறவருக்கும்தான். ஜான் மார்டன்பரோ என்ற பிரிட்டிஷ்காரர் 2011இல் கேம் போட்டியில் ஜெயித்து நிஜ ரேஸ் ஓட்டுநர் ஆனவர். எங்கள் ஆட்டத்தின் பெரிய கனவே அவர்தான். 2015இல் நூர்பர்க்ரிங்கில் அவருடைய கார் எகிறி வேலிக்கு வெளியே விழுந்ததில் பார்வையாளர் ஒருவர் இறந்தார். அது அவர் குற்றமும் இல்லை. 2023இல் வந்த 'கிரான் டூரிஸ்மோ' படம் அந்த விபத்தை, அவர் 2013இல் லெ மான்ஸில் ஓட்டியதற்கு முன்னால் நகர்த்தி, ஜெயிப்பதற்கான உந்துதலாக ஆக்கியது. செத்தவரைக் கதாநாயகனின் பயிற்சிக் காட்சியாக்குவது எனக்கு ஒப்பவில்லை. எல்லாரும் நடுத்திரையையே பார்த்தால் இப்படித்தான் படம் எடுக்க வரும்.

பாக் விரிகுடாவில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மீதி நாள் நாட்டுப்படகு. இராத்திரியில் விசைப்படகு இழுத்துக்கொண்டு போகும்போது கீழே யார் வலை கிடக்கிறது என்று தெரியாது. வலைகள் அறுந்து, சண்டை முற்றி, அப்புறம் வந்த முடிவு. எல்லோரும் எப்போதும் அதை மதிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யோசனை எனக்குப் பிடிக்கும். இன்னும் பெரிய விளக்கு வாங்கு என்று அவர்கள் சொல்லவில்லை. உனக்குத் தெரியாது என்பதை முதலில் ஒத்துக்கொள், அதற்கேற்ப நாளைப் பிரி என்றார்கள்.

ஒருநாள் இரவு அப்பாவை என் சேருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ரேஸைத் திரும்ப ஓடவிட்டேன். 53 டிகிரி. வளைவில் திரும்புகிறேன், டமாலென்று இடி, கார் சுழல்கிறது.

"அவன் எங்கேருந்துடா வந்தான்?"

"எங்கேருந்தும் வரலப்பா. ரெண்டு வளைவா பக்கத்துலயே இருந்தான்."

மேலிருந்து பார்க்கும் கேமராவில் அதையே மறுபடி காட்டினேன். சிவப்பு கார் என்னை ஒட்டியே வருகிறது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகு, "அப்ப ரெண்டு பக்கமும் ஒவ்வொரு டிவி வாங்கி வச்சுர வேண்டியதுதானே?" என்றார்.

"வைக்கலாம்ப்பா. எனக்கு வைக்கலாம்."

அவருக்குப் புரிந்தது. எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை, அம்மாவிடம் மட்டும், "கேமைக் காட்டி எனக்குப் பாடம் நடத்துறான்" என்றாராம். அது நியாயமான கோபம்தான். மூன்றாம் நாள் சாவி என் மேசையில் ஸ்டீயரிங் பக்கத்தில் கிடந்தது.

மானிட்டர் வாங்கினேனா என்று கேட்பீர்கள். வாங்கினேன், சில மாதம் கழித்து, செகண்ட் ஹேண்டில் இரண்டு. கிராஃபிக்ஸ் கார்டை மாற்றவில்லை. நிழல், கூட்டம், மழைத்துளி எல்லாவற்றையும் குறைத்து வைத்தேன். லேப் டைம் ஒரு நொடிகூட இறங்கவில்லை, அதற்காக வாங்குகிறவர்கள் வாங்க வேண்டாம். இடிப்பது குறைந்தது. அதற்கு முன்பும் வழி இருந்தது: இலவசமாகவே கிடைக்கும் ஸ்பாட்டர் குரல், "கார் லெஃப்ட்", "கிளியர்" என்று காதில் சொல்லிக்கொண்டே இருக்கும். நான்தான் தொந்தரவாக இருக்கிறதென்று மூன்று வருஷமாக அணைத்து வைத்திருந்தேன்.

இப்போது காலை நாலரைக்கு எழுந்து அப்பாவை ஏலத்துக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். வாடைக்காற்று காதைக் கிழிக்கும். இராத்திரி ரேஸ் பத்து மணிக்கு மேல் இருந்தால் விட்டுவிடுகிறேன். பின்னால் உட்கார்ந்துகொண்டு அவர் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வருகிறார், நான் ரொம்ப மெதுவாகப் போகிறேனாம்.