வாயில்லா ஜீவனும் கடைசி ஊசியும்

நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் சிறிய மருத்துவமனைகளில் அன்றாடம் நடக்கும் ஒரு காரியத்தை, மனிதருக்கு வைத்தியம் பார்க்கும் எவரும் இந்தியாவில் செய்ய முடியாது. குணமாக வழியில்லாத நோயாளியின் உயிரை ஊசி போட்டு முடித்துவைப்பதுதான் அது. மனிதர் விஷயத்தில் 2018இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது, உயிர்காக்கும் சிகிச்சையை நிபந்தனைகளோடு விலக்கிக்கொள்வதை மட்டுமே. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமோ, உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்ற நிலையில் உள்ள விலங்கைக் கொல்ல 13ஆம் பிரிவில் இடம் தருகிறது. சட்டம் இப்படி அனுமதித்துவிட்ட பிறகும், கொல்லாமையைத் தலையாய அறமாக வைத்த மரபுகளில் வளர்ந்த மருத்துவருக்கும் வளர்த்தவருக்கும் கேள்வி தீருவதில்லை.

செய்முறையில் குழப்பம் ஏதும் கிடையாது. முதலில் மயக்கம் தந்து, பிறகு ரத்தக் குழாயில் பார்பிட்யூரேட் வகை மருந்து மிகை அளவில் செலுத்தப்படுகிறது. நினைவு போகிறது, மூச்சு நிற்கிறது, இதயம் நிற்கிறது. ஊசி குத்தும் வலியைத் தவிர வேறு வலி இல்லை. இதனால் கேள்வி கூர்மையாகிறது: கொல்லும் முறையில் கொடுமையே இல்லாதபோது, உயிரைப் பறிப்பது மட்டும் தனியாக ஒரு தீங்கா?

சமண மரபு இதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நேராகச் சந்தித்திருக்கிறது. பத்தாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் திகம்பர ஆசாரியர் அமிர்தசந்திரர், தமது புருஷார்த்த சித்தியுபாயத்தில் இந்த வாதத்தையே எடுத்துவைத்து மறுக்கிறார். பெருந்துன்பத்தில் கிடக்கும் உயிரைக் கொன்றால் அதற்குச் சீக்கிரம் விடுதலை கிடைக்கும் என்ற எண்ணத்தை அவர் ஒரு வாளாகவே காண்கிறார். அதைக் கையில் எடுத்துத் துன்புறும் உயிரையும் கொல்லலாகாது என்பது அவர் முடிவு. சல்லேகனை என்னும், உயிர் பிரியும்வரை உண்ணாநோன்பை ஏற்கும் சமயம் இப்படிச் சொல்வதில் முரண் இல்லை. நோன்பு, அறிந்து தானே ஏற்பது. நாய்க்கு அந்த ஏற்பு கிடையாது. அதற்காக வேறொருவர் முடிவெடுக்கிறார்.

அப்படியானால் சாகக் கிடக்கும் விலங்குக்கு என்ன செய்வது? தமிழில் அதற்கு ஒரு கதையே உண்டு. திருத்தக்கதேவரின் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியில், அந்தணர்களின் உணவில் வாய் வைத்ததற்காக அடிபட்டுக் குற்றுயிராகக் கிடக்கிறது ஒரு நாய். பிழைக்காது என்று கண்ட சீவகன் அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். நாய் இறந்து சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னாளில் அவனுக்குத் துணை நிற்கிறது. மறுபிறவியை ஏற்காதவர்கூட இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது உண்டு. ஓர் அரசகுமாரன் தெருநாயின் பக்கத்தில், அதன் உயிர் போகும்வரை இருக்கிறான்.

பௌத்தம் வேறொரு இடத்தைத் தொடுகிறது. துறவிகளுக்கான விநய விதிகளில் மனிதரைக் கொன்ற பிக்கு சங்கத்தில் இடம் இழப்பார். விலங்கைக் கொல்வது அதைவிடச் சிறிய குற்றம். நோயுற்ற பிக்குவிடம் இரக்கத்தால் சாவைப் புகழ்ந்து பேசி, அவர் சாகக் காரணமானவர்களும் இடம் இழந்தவர்களே. மனத்தைப் பகுத்தாயும் அபிதம்மம் இன்னும் ஆழமாகச் சொல்கிறது: இரக்கத்தில் தொடங்கினாலும், கொல்லும் கணத்தில் மனத்தில் ஒரு வெறுப்பு இருந்தே தீரும். மருத்துவமனையில் வளர்த்தவர்கள் அதிகம் சொல்லும் வாக்கியம், “பார்க்கவே முடியல டாக்டர்” என்பது. அந்த வேதனை பொய்யில்லை. ஆனால் ஊசி தீர்த்துவைக்கப்போவது யாருடைய துன்பத்தை என்று அபிதம்மம் கேட்கிறது. ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டிய கேள்வி அது.

எதிர்த்தரப்பில் வலுவாக நின்றவர் காந்தி. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று தீராத நோயில் துடித்தது. மருத்துவரை அழைத்து விஷ ஊசி போடச் செய்தார். குஜராத்தில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. தன்னலமோ சினமோ இன்றி, துன்புறும் உயிரின் நன்மைக்காகவே செய்வது ஹிம்சை ஆகாது; அறுவை மருத்துவர் கத்தி வைப்பதை யாரும் ஹிம்சை என்பதில்லையே என்று பத்திரிகையில் விடை எழுதினார். இந்த உவமையில் ஓர் இடைவெளி இருக்கிறது: அறுவைக்குப் பிறகு நோயாளி எழுந்து வருவார். ஆனால் காந்தி தமக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு உறுதியானது. வேறு எந்த வழியும் மிச்சமில்லாதபோது மட்டும் என்றார். அதே நிலையில் தம் குழந்தை இருந்தாலும் அதையே செய்வேன் என்றும் சொன்னார்.

வலி அந்த உயிரின் கர்மவினை, அனுபவித்துத் தீரட்டும் என்ற வாதமும் அடிக்கடி எழும். அது நிற்காது. வலியைக் குறைக்கக்கூடாதென்றால் மருந்தும் கொடுக்கக்கூடாது. தம் நாட்டில் மட்டுமன்றிச் சோழ, பாண்டிய நாடுகளிலும் மனிதருக்கும் விலங்குக்கும் வைத்திய ஏற்பாடு செய்ததாக அசோகர் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் பொறித்தார். விலங்குக்கு மருந்து தருவது வினையில் குறுக்கிடுவதென்று அவர் எண்ணவில்லை.

மிஞ்சும் சிக்கல், அறிவது பற்றியது. வாயில்லா ஜீவன் ‘போதும்’ என்று சொல்லாது. பூனை வலியை மறைக்கும். காது, கண், முகவாய், மீசை, தலை நிற்கும் விதம் ஆகியவற்றைக் கொண்டு பூனையின் வலியை மதிப்பிடும் அளவுகோலை மான்ட்ரியல் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள். அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் வில்லாலோபோஸ் தந்த அளவுகோல் வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என ஏழு கேள்விகளைக் கேட்கிறது. இவை முடிவைச் சொல்லித் தருவதில்லை. வளர்த்தவரின் கண்ணை அவருடைய துக்கத்திலிருந்து விலங்கின் பக்கம் திருப்புகின்றன. அதுவே பெரிய உதவி.

முற்றிய எலும்புப் புற்றில் மருந்துக்கும் அடங்காத வலியோடு கிடக்கும் நாய்க்கு ஊசி வேண்டாம் என்பது கடினம். வீடு மாறுகிறோம், குரைக்கிறது, கிழடாகிவிட்டது என்று கொண்டுவரப்படும் நாய்க்கு மறுப்பதில் தயக்கமே கூடாது. மருத்துவரை வாட்டுவது நடுவில் உள்ளவை. பார்வோ வைரஸ் வந்த குட்டிக்குச் சில நாள் ட்ரிப்ஸ் ஏற்றினால் பிழைக்க வாய்ப்புண்டு. கூட்டி வந்தவரிடம் காசில்லை. முதுகுத்தண்டு பாதித்துப் பின்கால் விழுந்த நாய்க்கு வலி இல்லை. சிறுநீரை அமுக்கி எடுத்துவிட வீட்டில் ஆளில்லை. இங்கே கொல்வது நோயல்ல, வறுமையும் ஆளின்மையும். கருணை என்ற பெயர் இவற்றுக்குப் பொருந்தாது. குணப்படுத்தவே படித்தவர் இப்படிக் கொல்ல நேர்வதால் வரும் மன அழுத்தத்தை, மற்ற வேலைப் பளுவிலிருந்து பிரித்துத் தனியாகக் காட்டினார் தத்துவவாதி பெர்னார்ட் ரோலின்.

கொல்லாமையால் ஊசியை மறுப்பவருக்கும் கடமை குறைவதில்லை, கூடுகிறது. புண் வராமல் சில மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைப்பது, வேளை தவறாமல் வலி மருந்து தருவது, ஊட்டுவது, துடைப்பது எல்லாம் உயிர் தானே பிரியும்வரை நடக்க வேண்டும். இதற்கு வீட்டில் ஆள் உண்டா, வலியை அடக்கும் மருந்து உண்டா என்று பார்க்காமல் ‘கொல்லக்கூடாது’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால், விலங்கு துடிப்பது மருத்துவரின் கண்ணுக்கு மறைகிறது, அவ்வளவுதான். நம்பிக்கையின் காரணமாக இந்த ஊசியைப் போடாத மருத்துவர் அதை வளர்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வேறு மருத்துவரைத் தேட அவருக்கு நேரம் இருக்கும்போதே.