துளையின் அகலம்

பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறவன் பொய் சொன்னவனாவானா? பெர்சிவல் லோவலை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. பாஸ்டன் நகரத்துப் பணக்காரர். செவ்வாயைப் பார்ப்பதற்கென்றே 1894ல் அரிஸோனாவில் ஃப்ளாக்ஸ்டாஃப் என்ற ஊரில், சொந்தச் செலவில் வானாய்வுக்கூடம் அமைத்தார். இரவிரவாகப் பார்த்தார். நேர்கோடுகள் தெரிந்தன, வரைந்தார். வறண்டு சாகும் கிரகத்தில் அறிவுள்ள ஜீவன்கள் துருவப் பனியிலிருந்து நீர் கொண்டுவர வெட்டிய கால்வாய்கள் அவை என்று புத்தகங்கள் எழுதினார். நல்ல உரைநடை. கோடுகள் மட்டும் அங்கே இல்லை.

டெலஸ்கோப் சிறியதைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி என்பது பொதுவான தப்பபிப்பிராயம். பெரிதாக்குவது சுலபம், கண் வைக்கிற சிறு லென்ஸை மாற்றினால் போதும். ஆனால் கலங்கலைப் பெரிதாக்கினால் பெரிய கலங்கல்தான் கிடைக்கும். முகப்பு எவ்வளவு அகலம் என்பதே விஷயம். இருட்டில் விரிந்த நம் கண்மணி ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். அகலம் இரு மடங்கானால் உள்ளே வரும் ஒளி நான்கு மடங்கு. அதைவிட முக்கியம் வேறொன்று. ஒளி அலையாக இருப்பதால் ஒரு புள்ளி புள்ளியாகவே வந்து விழுவதில்லை, சிறு வட்டமாகப் பரவுகிறது. துளை குறுகக் குறுக அந்த வட்டம் பெருக்கிறது. பக்கத்துப் பக்கத்து வட்டங்கள் கலந்துவிடுகின்றன. தனித்தனிப் புள்ளிகள் இருந்த இடத்தில் ஒரு கோடு தோன்றுகிறது. மிச்சத்தை மனம் இழுத்து முடித்துக்கொள்கிறது.

லோவலின் டெலஸ்கோப் சிறியதல்ல. 24 அங்குல லென்ஸ். அதன் முகப்பை மறைத்துக் குறுக்கிக்கொண்டு பார்ப்பது அவர் வழக்கம். அகலமான துளை காற்றின் நடுக்கத்தையும் கூடுதலாக வாங்கிக்கொள்ளும், குறுக்கினால் பிம்பம் நிலைத்து நிற்கும் என்றார். இதில் பொய் இல்லை. பௌதிகம் அவர் பக்கம் இருந்தது. அதுதான் பயங்கரம். தனக்கு வேண்டியதைக் காட்டுகிற வழிக்கு அவரிடம் உண்மையான காரணம் ஒன்று இருந்தது.

1909ல் பாரிஸை அடுத்த மெதோனில் அந்தோனியாடி 83 சென்டிமீட்டர் லென்ஸ் வழியே செவ்வாயைப் பார்த்தார். சிறிய டெலஸ்கோப்புகளை வைத்துக்கொண்டு முன்பு அவரும் கால்வாய்களை வரைந்தவர்தான். காற்று அசையாத கணங்களில் அந்தக் கோடுகள் கலைந்து ஒழுங்கற்ற திட்டுகளாயின. தன் பழைய கோடுகளை அவர் விட்டுவிட்டார். லோவல் விடவில்லை. 1916ல் கோடுகளோடேயே இறந்தார். 1965ல் மாரினர் 4 அருகே போய் எடுத்தனுப்பிய படங்களில் விண்கற்கள் விழுந்த பள்ளங்கள் இருந்தன. கால்வாய் ஒன்றுகூட இல்லை.

சிறிய துளை குற்றமல்ல. 1877ல் மிலானில் ஷியாபரெல்லி 22 சென்டிமீட்டர் டெலஸ்கோப்பில் கோடுகளைக் கண்டார். அன்று அவரிடம் இருந்தது அவ்வளவுதான். இருப்பதைக் கொண்டு பார்த்துச் சொல்வது யோக்கியம். இருக்கும் அகலத்தை மூடிக்கொள்வது வேறு காரியம். லோவல் நேர்மையானவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவருடைய நேர்மை துளைக்கு இந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். எவ்வளவு வரவிடுவது என்பதை முன்பே தீர்மானித்துவிட்டிருந்தார். ஒழுக்கம் பற்றிய கேள்வி அந்தத் தீர்மானத்தில் இருக்கிறது. நாம் அதைச் சாட்சியத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நாலு கவிதைகளைப் படித்துவிட்டு ஒரு 'போக்கை'க் கோடாகக் கிழிக்கிறவன் நான். ஐந்தாவது கவிதை கோட்டைக் கலைக்கும்போது, அது கவிதையே இல்லை என்று தள்ள என்னிடமும் நியாயமான காரணங்கள் உண்டு. அவை நியாயமானவை என்பதே இப்போது என்னை உறுத்துகிறது.

லோவல் வெள்ளியையும் பார்த்தார். லென்ஸின் பெரும்பகுதியை மூடி, சில அங்குலங்களை மட்டும் திறந்துவைத்து. அங்கே சக்கரத்தின் ஆரங்கள்போலக் கோடுகள் தெரிந்தன. மேகம் மூடிய கிரகத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. அவ்வளவு குறுகிய துளையில் தன் விழித்திரையின் இரத்தக் குழாய்களது நிழலையே அவர் பார்த்திருக்கலாம் என்று பிற்காலத்தில் ஒரு விளக்கம் தரப்பட்டது. அதையும் அவர் கண்டபடியேதான் வரைந்திருந்தார்.