ஊருணிக்கு யார் தூர்வாருவது?

போன மார்ச் மாதம் எங்கள் ஊர்ச் சமுதாய நலக்கூடத்தில் ஒரு பாராட்டு விழா நடந்தது. வாசலில் ஃப்ளெக்ஸ், மேடையில் பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் இருந்தன. பாராட்டுக்குரியவருக்கு எழுபத்தொரு வயது. ஊரில் அவருக்குப் பெயர் 'அறிவொளி அத்தை'. படித்து வெளியூரில் வேலை பார்க்கிறவன் என்பதால் என்னையும் பேசச் சொன்னார்கள். நன்றாகவே பேசினேன். "அத்தை மனுஷி இல்ல, தெய்வம்" என்று முடித்தபோது கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அத்தை பக்கத்தில் வந்தார். "நல்லாத்தான் பேசுன. ஆனா ஏய்யா, தெய்வம்னு சொல்லிட்டா சூடத்தக் காட்டிட்டுப் போயிரலாம்லா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் ஊர் தென்காசி மாவட்டத்தில், ஆலங்குளம் பக்கம். மழை பொய்த்தால் வயலில் வேலை இருக்காது. ஆனால் பெண்கள் மடியில் பீடித்தட்டு எப்போதும் இருக்கும். என் அம்மாவும் பீடி சுற்றியவர்தான். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எங்கள் பக்கம் வந்தது. 1990இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்ட பிறகு தமிழகத்திலும் பரவிய இயக்கம் அது. புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்ட கதையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊர் ஊராகப் பாடம் நடத்தியவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள். எங்கள் தெருவுக்கு அத்தை. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பகலில் அவரும் பீடி சுற்றுவார். ராத்திரி தெருவிளக்குக்குக் கீழே ஒரு கரும்பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவார். அம்மா தன் பெயரை எழுதிப் பழகியது அங்கேதான். அதற்குப் பிறகுதான் பீடிக்கடை பாஸ்புத்தகத்தில் என்ன எழுதுகிறார்கள், கழிவு என்று எத்தனை பீடியைத் தள்ளுகிறார்கள் என்று அம்மாவால் வாசித்துக் கேட்க முடிந்தது.

சில வருடங்களில் இயக்கம் ஓய்ந்தது. அத்தை ஓயவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் ஊர் விடாது. முதியோர் உதவித்தொகை மனு, ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தல், வாரிசுச் சான்று எல்லாம் அவரிடம் வந்தன. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்குத் துணைக்குப் போவார். அன்றைக்கு அவர் தட்டில் பீடி இருக்காது, அதாவது அன்றைக்கு அவருக்குக் கூலி கிடையாது. "அவளுக்கென்ன, புள்ளையா குட்டியா" என்று ஊரில் சொல்வார்கள். பிறகு எப்போதோ அது "அவ தெய்வம்லா" என்று மாறியது. இரண்டு பேச்சுக்கும் வேலை ஒன்றே என்று இப்போது தோன்றுகிறது. அவர் நம்மைப் போன்றவர் இல்லை, அதனால் அவர் செய்வதை நாம் செய்ய வேண்டியதில்லை.

பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1976இல் வந்தது. அந்த நிதியிலிருந்து தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. அடையாள அட்டை வேண்டும், அதற்குப் பாஸ்புத்தகம் வேண்டும், பள்ளிக்கூடக் கையெழுத்து வேண்டும். எங்கள் தெருவில் அந்தப் படிவத்தைப் பிழையில்லாமல் நிரப்பத் தெரிந்த ஒரே ஆள் அத்தை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து இன்ஜினியரிங் முடிக்கும்வரை வருடா வருடம் எனக்கும் அவர்தான் நிரப்பிக் கொடுத்தார்.

இப்போது அந்த விண்ணப்பம் இணையதளத்துக்கு வந்துவிட்டது. 2022இல் அத்தை எனக்கு போன் செய்தார். "கண்ணு முன்னப்போலத் தெரியல. இந்த கம்ப்யூட்டர் சோலியும் எனக்குப் பிடிபடல. மாசம் ஒரு ஞாயித்துக்கிழம வந்துட்டுப் போயேன்." கண்டிப்பா வாரேன் அத்தை என்றேன். நான் சென்னையில் பார்க்கிற வேலையே வெப்சைட்டுகளுக்குப் படிவம் செய்வதுதான். எந்தக் கட்டத்தில் தப்பு இருந்தால் எந்தச் சிவப்பு எழுத்து வர வேண்டும் என்று முடிவு செய்வதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஒன்றரை வருடம் நான் போகவில்லை. ரிலீஸ், குழந்தை பிறந்தது, மறுபடி ரிலீஸ். ஒவ்வொரு காரணமும் உண்மைதான்.

அந்த இடைவெளியில் எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் விண்ணப்பம் நின்றுபோனது. பள்ளிச் சான்றிதழில் இன்ஷியல் முன்னால் இருந்தது, ஆதாரில் அப்பா பெயர் பின்னால் இருந்தது. ஒரு மணி நேர வேலை. கூடப் போக ஆள் இல்லை. கடைசித் தேதி கடந்துவிட்டது. அவள் அம்மா வட்டிக்கு வாங்கிக் கல்லூரிக்குப் பணம் கட்டினார். இது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்துகொண்டுதான் மேடையில் 'தெய்வம்' என்றேன்.

ஆங்கிலேயத் தத்துவவாதி அர்ம்சன் 1958இல் 'புனிதர்களும் வீரர்களும்' என்று ஒரு கட்டுரை எழுதினார். கடமை, அனுமதிக்கப்பட்டது, தடுக்கப்பட்டது என்று செயல்களை மூன்றாகப் பிரித்தால் போதாது, கடமைக்கும் மேலே ஒரு வகை இருக்கிறது என்பது அவர் வாதம். கொள்ளைநோய் பரவிய ஊருக்குத் தானாகப் போகிற டாக்டரை உதாரணம் காட்டுகிறார். அந்த டாக்டர் தன்னளவில் இதை என் கடமை என்று சொல்லலாம். ஆனால் போகாத இன்னொரு டாக்டரைப் பார்த்து, நீ கடமை தவறினாய் என்று யாரும் சொல்ல முடியாது.

கல்லூரியில் இதை முதலில் வாசித்தபோது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அத்தை செய்வது கடமைக்கு மேலே, நான் செய்யாதது குற்றம் இல்லை. இன்றைக்கு வாசிக்கும்போது ஒரு கேள்வி வருகிறது. போகாத அந்த டாக்டர், போன டாக்டரால் பிழைத்தவராக இருந்தால்?

என் நண்பன் ஒருவன் இதை ஏற்கவில்லை. "தொண்டுன்னாலே விரும்பிச் செய்றதுதானே? அதைக் கடன்னு மாத்திட்டா அப்புறம் அது வரி வசூல்" என்றான். நியாயம்தான். அத்தை 1990களில் தெருவிளக்குக்குக் கீழே வந்து உட்கார்ந்தது அவருடைய விருப்பம். அன்றைக்கு அவரை யாரும் கட்டாயப்படுத்தியிருக்க முடியாது. ஆனால் அவர் தருவது கொடை என்பதால் நான் வாங்கியதும் சும்மா என்று ஆகிவிடாது. இதே அத்தையைப் பற்றிக் கேள்விப்படுகிற வெளியூர்க்காரர் அவரை வணங்கிவிட்டுப் போகலாம். அது பாராட்டு. அவரால் படித்த நான் வணங்கிவிட்டுப் போனால் அது நழுவல்.

எங்கள் ஆபீசில் ஒரு விஷயம் முழுக்க ஒரே ஆளுக்கு மட்டும் தெரிந்திருந்தால் அதை 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்' என்போம். அவர் லீவு போட்டால் எல்லாம் நிற்கும், அதனால் இன்னும் இரண்டு பேரை உடனே பழக்குவோம். அந்த ஆள் எவ்வளவு திறமைசாலி என்று கூட்டம் போட்டுப் பேசிக் கலைய மாட்டோம். ஊரில் அதைத்தான் செய்தோம். முப்பது வருடமாக ஒரு தெருவின் மனுவெல்லாம் ஒரு பெண்ணின் கண்பார்வையை நம்பியிருந்தது. அதற்கு அவருடைய பெருமை என்று பெயர் வைத்தோம்.

திருக்குறளில் ஈகைக்கு முந்தைய அதிகாரம், 22ஆவது, ஒப்புரவறிதல். ஈகை இல்லாதவருக்குக் கொடுப்பது. ஒப்புரவு ஊரோடு சேர்ந்து வாழத் தெரிந்தவனின் ஒழுக்கம். அப்படிப்பட்டவனின் செல்வத்துக்கு வள்ளுவர் சொல்லும் உவமைகளில் ஒன்று, ஊருணியில் நிறைந்த நீர். அத்தையைப் பற்றிப் பேசும்போது நானும் இந்த உவமையைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஊரில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும், ஊருணி தானாக நிறைந்து நிற்காது. வண்டல் சேரும், கரை உடையும். அதற்குத்தான் குடிமராமத்து என்று ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் பயன்படுகிற குடிகளிலிருந்து ஆள் வந்து மண் சுமக்க வேண்டும். ஊருணியைக் கும்பிடுகிறவர் என்பதற்காக யாருக்கும் விலக்கு கிடையாது.

விழாவுக்கு அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு போனேன். திண்ணையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். முதல் ஆச்சியின் விவரங்களை மளமளவென்று தட்டினேன். பத்து நிமிடத்தில் முடித்து, பிரின்ட் எடுத்த தாளை நீட்டி, இங்கே கையெழுத்துப் போடுங்க ஆச்சி என்றேன்.

அத்தை தாளைப் பிடித்துக்கொண்டார். "வாசிச்சுக் காட்டாம கையெழுத்து வாங்காதய்யா. அவ எதுல போடுதான்னு அவளுக்குத் தெரியாண்டாமா?"

முதல் வரியிலிருந்து வாசித்தேன். பாதியில் ஆச்சி நிறுத்தினார். கணவர் இறந்த வருடம் தப்பாக இருந்தது. நான்தான் அவசரத்தில் மாற்றி அடித்திருந்தேன். திருத்தி, மறுபடி வாசித்து முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. அன்றைக்கு மூன்று பேருக்குத்தான் முடிந்தது.

அதற்குப் பிறகு நான்கு முறை போயிருக்கிறேன். இரண்டு மாதம் போக முடியவில்லை. உதவித்தொகை தவறிய அந்தப் பெண்ணும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்காருகிறாள். அவள் என்னைவிட நன்றாக வாசித்துக் காட்டுகிறாள்.