உரிமை கூலியாகுமா?

போர்க்காலத்தில் பெண்கள் தம் நாட்டிற்கு ஆற்றிய தொண்டைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து சேர்ந்துவிடுகிறது. "அவர்கள் போரில் உழைத்தார்கள், ஆகவே நாடு அவர்களுக்கு வாக்குரிமை அளித்தது" என்பதே அது. முதல் உலகப் போர்க்காலப் பிரித்தானியாவைக் குறித்தே இது பெரிதும் சொல்லப்படுகிறது. பாராட்டும் நோக்கில் சொல்லப்படுவதால் எவரும் இதை மறுப்பதில்லை. ஆயினும் அதனுள்ளிருக்கும் 'ஆகவே' என்னும் சிறு சொல்லைச் சற்று நிறுத்தி விசாரிப்பது நலம் என்று எண்ணுகிறோம்.

உழைத்தது உண்மை, அதில் ஐயமே இல்லை. 1915-ஆம் ஆண்டில் போர்முனையில் பீரங்கிக் குண்டுகள் போதாமற் போனபோது அரசே ஆட்டங்கண்டது. லாயிட் ஜார்ஜின் பொறுப்பில் வெடிபொருள் அமைச்சகம் தோன்றியது; நாடெங்கும் ஆலைகள் எழுந்தன. ஆண்கள் படைக்குச் சென்றுவிட்டமையால் அவ்வாலைகளைப் பெண்களே நிரப்பினர். போர் முடியும் தறுவாயில் வெடிபொருள் தொழிலில் இருந்த பெண்கள் ஏறத்தாழ 9 இலட்சம் பேர். நேற்றுவரை பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கிய பெண் இன்று குண்டினுள் மருந்து அடைத்தாள். டி.என்.டி. என்னும் அவ்வெடிமருந்தைக் கையாண்டவர்களின் தோல் மஞ்சளித்தது, கூந்தல் செம்பட்டையாயிற்று. மக்கள் அவர்களைக் 'கானரிப் பறவைகள்' என்று செல்லமாக அழைத்தனர். செல்லப் பெயர்தான்; ஆனால் அந்த நஞ்சு கல்லீரலைத் தாக்க, காமாலை கண்டு மடிந்தவர்கள் நூறு பேரளவில் உண்டு.

லீட்ஸ் நகரை அடுத்த பார்ன்போ ஆலையில் 1916 டிசம்பர் 5 அன்று, இரவுப் பணி தொடங்கிய சிறிது நேரத்தில் ஒரு குண்டு வெடித்து 35 பெண்கள் மாண்டனர். எதிரிக்குத் தெரியலாகாது என்பதற்காகச் செய்தி மறைக்கப்பட்டது. உடல்களை அகற்றிய பின்னர், அதே அறைக்குள் சென்று வேலையைத் தொடரப் பிற பெண்கள் தாமாகவே முன்வந்தனர். நாட்டுப்பற்றா, வறுமையா, போர்முனையிலிருந்த தம்பியின் நினைவா, எது அவர்களை உள்ளே அனுப்பியது? மூன்றும் ஒரே நெஞ்சில் இருந்திருக்கலாம். மனிதரின் நோக்கங்களைத் தனித்தனிச் சிமிழில் அடைத்துப் பார்ப்பது அறவியல் ஆசிரியர்களின் பழக்கம். வாழ்க்கை அவ்வாறு அமைவதில்லை.

இனி, நாடு அளித்ததாகச் சொல்லப்படும் பரிசைப் பார்ப்போம். 1918 பெப்ரவரி 6-ஆம் நாள் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. 21 வயதான ஆண்கள் அனைவருக்கும் அது வாக்களித்தது. பெண்களில் 30 வயது நிறைந்து, தமக்கேனும் தம் கணவருக்கேனும் குடியிருப்பு அல்லது சொத்துத் தகுதி இருந்தோர்க்கு மட்டுமே வாக்குரிமை. ஆலைகளில் மஞ்சளித்து நின்றவர்களோ பெரும்பாலும் இருபதுகளில் இருந்த, மணமாகாத, சொத்தில்லாத பெண்கள். போர்ப் பணி புரிந்த ஆண் 19 வயதிலேயே வாக்களிக்கலாம். அவனுக்குக் குண்டு செய்தனுப்பிய 29 வயதுப் பெண் வாக்களிக்க இயலாது. இது கைம்மாறு என்றால், உழைத்தவரை விட்டுவிட்டு வேறொருவரிடம் கூலியைக் கொடுத்த கதையாகிறது. ஆண்கள் பல இலட்சம் பேர் மாண்ட நிலையில், பெண் வாக்காளர் பெரும்பான்மையாகிவிடுவர் என்ற அச்சமே வயதெல்லையை உயர்த்தியது.

சட்டம் திருத்தப்பட்டதன் உடனடிக் காரணமும் வேறு. வாக்காளராக ஓராண்டு ஓரிடத்தில் குடியிருந்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. அதன்படி, கடல்கடந்து போரிட்ட வீரர்களே வாக்கை இழக்கும் நிலை வந்தது. அவர்களுக்காகத் திறக்கப்பட்ட கதவில், 1866-இல் ஜான் ஸ்டுவர்ட் மில் நாடாளுமன்றத்தில் மனுவை அளித்த காலத்திலிருந்து காத்து நின்ற பெண்களும் காலெடுத்து வைத்தனர். நெடுங்காலம் எதிர்த்துவந்த ஆஸ்குவித், பெண்களின் போர்க்காலப் பணியைக் காரணங்காட்டி 1917-இல் மனம் மாறினார் என்பது மெய்யே. எனினும், தோல்வியுற்ற வாதத்திலிருந்து மதிப்புடன் பின்வாங்க அரசியல்வாதிக்கு ஒரு நல்ல காரணம் தேவைப்பட்டிருக்கலாம் என்றும் நமக்குத் தோன்றுகிறது.

இவை வரலாற்றுச் செய்திகள். நம் வினா இவற்றினும் ஆழமானது. உழைத்தவர்கள் அனைவருக்கும் வாக்கு கிடைத்திருந்தாலும், அது உழைப்பின் பொருட்டுக் கிடைத்தது என்பது அறத்திற்கு ஒத்ததா?

புனித தோமா அக்குவினாஸ் நீதியைப் பற்றி எழுதும்போது, கொடுக்கல் வாங்கலில் அமையும் பரிமாற்ற நீதியைப் பொதுநலன்களைப் பகிரும் பங்கீட்டு நீதியினின்று பிரித்துக் காட்டுகிறார். நன்றியறிதலையோ நீதியைச் சார்ந்த தனி நற்பண்பாக வைக்கிறார். இப்பகுப்பு இங்கே பெரிதும் உதவுகிறது. பன்னிரண்டு மணி நேரம் உழைத்தவளுக்குப் பரிமாற்ற நீதி தர வேண்டியது கூலி. அதையே சரியாகத் தரவில்லை. 1918 ஆகஸ்டில் இலண்டனின் பேருந்து, டிராம் நடத்துனர் பெண்கள் ஆண்களுக்கு இணையான போர்க்கால மிகைப்படி கேட்டு வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. செயற்கரிய செய்தவளுக்கு நாடு நன்றி கூற வேண்டும். அது வேறு கடன். குடிமகள் என்னும் நிலையோ ஒரு செயலுக்கு ஈடாகத் தரப்படுவதன்று. அதைக் கூலியாக்கிவிட்டால், நோயாளியும், முதியவளும், கைக்குழந்தையை விட்டு அகல முடியாத தாயும் கூலி பெறத் தகுதியற்றவர்கள் ஆகிவிடுவர். சம்பாதித்ததை இழக்கவும் கூடும் அன்றோ? அதே 1918-ஆம் ஆண்டுச் சட்டம், மனச்சான்றின் பொருட்டுப் படைக்குச் செல்ல மறுத்தவர்களிடமிருந்து வாக்குரிமையை ஐந்தாண்டுகளுக்குப் பறித்தது. ஒரே தராசின் இரு தட்டுகள் இவை. ஒன்றைப் புகழ்வோர் மற்றதையும் ஏற்றாக வேண்டும்.

உழைப்பே காரணமானால் பிற நாடுகளின் கணக்கும் இடிக்கிறது. பிரெஞ்சுப் பெண்களும் அதே குண்டுகளைத்தான் செய்தனர். அவர்களுக்கு வாக்குரிமை தர 1922-இல் அந்நாட்டு மேலவை மறுத்தது. 1944 வரை அவர்கள் காத்திருந்தனர். நியூசிலாந்துப் பெண்களோ எந்த உலகப் போரும் மூளுமுன், 1893-இலேயே வாக்குப் பெற்றனர். நம் சென்னை மாகாணச் சட்டமன்றம் 1921-இல், சொத்துத் தகுதியோடு எனினும், பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியபோது எந்த வெடிமருந்துக் கணக்கையும் கேட்கவில்லை.

இங்கு இன்னொரு முள்ளும் உண்டு. அதைத் தவிர்த்துச் செல்ல நம்மால் இயலவில்லை. திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் 1917 ஆகஸ்ட் முதல் நாளிட்ட மடலில் அப்போரைப் பயனற்ற படுகொலை என்று போராடும் நாடுகளின் தலைவர்களுக்கு எழுதினார். பார்ன்போவில் அடைத்த குண்டு எங்கோ ஒரு ஜெர்மானியத் தாயின் மகன்மேல் விழுந்தது. அத்தாயின் மகளும் தன் ஊர் ஆலையில் குண்டு அடைத்துக்கொண்டிருந்தாள். அதே பொறுமை, அதே துணிவு. நாட்டிற்குத் தொண்டு என்ற ஒரே பெயரால் இருவரையும் புகழலாம். குண்டின் பயனையும் சேர்த்துப் புகழ முடியுமா? உழைத்தவளின் மாண்பையும் உழைப்பின் விளைவையும் ஒரே மூச்சில் வாழ்த்துவதற்கு நம் நா எழவில்லை. அந்த மாண்பு குண்டின் எண்ணிக்கையைச் சார்ந்ததன்று என்று கொண்டால் மட்டுமே அவளை மனமார மதிக்க முடிகிறது.

போர் முடிந்ததும் 1919-இல் மற்றொரு சட்டம் வந்தது. போருக்கு முன்பிருந்த தொழில் வழக்கங்களை ஆலைகள் மீட்க வேண்டும் என்றது அது. பெண்கள் வீடு திரும்பினர். வீட்டுவேலைக்குச் செல்ல மறுத்தவர்களின் வேலையில்லாக்கால உதவித்தொகை நிறுத்தப்பட்டது. ஆண்களுக்கு இணையாக 21 வயதில் பெண்களும் வாக்களிக்கலாம் என்ற சட்டம் 1928-இல் நிறைவேறியது. பார்ன்போவில் அந்த டிசம்பர் இரவில் 18 வயதாயிருந்து உயிர்பிழைத்த ஒரு பெண்ணுக்கு, அவ்வாண்டில் எப்படியும் முப்பது நிறைந்திருக்கும்.