யாரும் பொய் சொல்லவில்லை

பொய் சொல்லக் கூடாது என்று சின்ன வயசிலேயே எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால், ஒருவருமே பொய் சொல்லாத இடத்தில், பொய்யினால் வரக்கூடிய நஷ்டம் அத்தனையும் வந்து சேர்ந்தால் அதை யார் கணக்கில் எழுதுவது? இதை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. இந்தக் கேள்வியை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தது ஒரு மோட்டார் காரின் பிரேக்.

அமெரிக்காவில், டெட்ராய்ட் நகரத்தை ஒட்டிய ஓர் ஊரில் என் தங்கை இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. மாப்பிள்ளைக்கு, கார் உதிரிப் பாகங்களை மொத்தமாக வாங்கிக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் உத்தியோகம். 2023-ஆம் வருஷம் அக்டோபரில் ஒரு மாதம் அவர்களோடு போய்த் தங்கியிருந்தேன். அப்போதுதான் தங்கையின் கார், பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் இரும்பை இரும்பால் அறுப்பதுபோல் கீச்சிட ஆரம்பித்தது.

வீட்டிலிருந்து இரண்டு மைல் தள்ளி ஒரு பெரியவர் சின்னதாக ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். எழுபது வயசு இருக்கலாம். ஒத்தாசைக்கு ஒரு பையன்; காரைத் தூக்கி நிறுத்த இரண்டே லிஃப்ட். அவருடைய நிலபுலம் எல்லாம் அந்த இரண்டு லிஃப்டுதான். காரை ஒன்றில் ஏற்றி, முன் சக்கரங்களைக் கழற்றி, தேய்ந்துபோன பிரேக் பேடுகளை எடுத்துக் காட்டினார். பிறகு கம்ப்யூட்டரில் காரின் வருஷம், கம்பெனி, மாடல், என்ஜின் எல்லாவற்றையும் கொடுத்தார். இன்ன பேடு பொருந்தும் என்று திரை சொல்லிற்று. ஒரு மணி நேரத்தில் பெட்டி வந்தது, பொருந்தவில்லை. வேறொரு கடையில் சொல்லி வைத்தார். மறுநாள் காலையில் வந்த அந்தப் பேடும் பொருந்தவில்லை.

பழைய பேடுகளையே மாட்டிக் காரைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். "ராத்திரி வேலைக்குப் போகிற பெண்ணை இந்த பிரேக்கோடு அனுப்பமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். ஆகவே கார் லிஃப்டிலேயே நின்றது. மிச்சம் இருந்த ஒரே லிஃப்டை வைத்துக்கொண்டு, வந்த வேலைகளில் பாதியைத் திருப்பி அனுப்பினார். என் தங்கை இரண்டு ராத்திரி வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூன்றாம் நாள் பெரியவர் பிரேக் டிஸ்க்கின் குறுக்களவைத் தாமே அளந்து பார்த்துவிட்டு, கடையில் உட்கார்ந்திருக்கும் பழைய சினேகிதர் ஒருவருக்கு டெலிபோன் செய்தார். அந்த மனிதர் கேட்டது ஒரே கேள்விதான்: "சக்கரம் பதினைந்து அங்குலமா, பதினாறா?" அரை மணியில் சரியான பேடு வந்துவிட்டது.

பில்லைப் பார்த்தேன். ஒரு மணி நேரக் கூலி, பேடு விலை. இரண்டு நாள் முடங்கிக் கிடந்த லிஃப்டைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

அன்று ராத்திரி தங்கை வேலைக்குப் போன பிறகு மாப்பிள்ளையிடம் கேட்டேன்: "உங்க தொழில்லே இப்படித்தான் பொய் சொல்லி வியாபாரம் பண்ணுவாங்களா?"

அவருக்குச் சுருக்கென்றது. "ஒருத்தரும் பொய் சொல்லலே, மச்சான்" என்றார்.

பிறகு அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். காரைச் செய்தவன் விற்றுவிட்டுப் போய்விடுகிறான். அதற்குப் பிறகு அந்தக் கார் உயிரோடு இருக்கும் வரையில் அதற்கு வேண்டிய பேடு, ஃபில்டர், பெல்ட் எல்லாவற்றையும் வேறு பல கம்பெனிகளும் செய்து விற்கின்றன. செய்கிறவன், மொத்த வியாபாரி, கடைக்காரன், மெக்கானிக் என்று கைமாறிக் கைமாறிப் போகும் வியாபாரம். முன்காலத்தில் கடை மேஜையில் தலையணை தலையணையாகக் காட்டலாக் புத்தகங்கள் இருக்கும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பாஷை. ஒருவன் பிரேக் பேடு என்றால் இன்னொருவன் டிஸ்க் பேடு என்பான். பெயர்த் தகராறு அந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. நம் ஊர் மெக்கானிக் பானெட், சைலன்ஸர் என்கிறாரே, அவை இங்கிலீஷ்காரனிடமிருந்து வந்த சொற்கள். அமெரிக்கனுக்கு அவையே ஹூட், மஃப்ளர். மனிதனும் மனிதனும் பேசும்போது இதனால் மோசம் ஒன்றுமில்லை. விரலை நீட்டிக் காட்டினால் போதும். கம்ப்யூட்டருக்கு விரல் ஏது?

ஆகவே போட்டிக் கம்பெனிகள் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து ஒரு பொதுப் பாஷையை உண்டாக்கிக்கொண்டன. அதை நடத்துவது ஆட்டோ கேர் அசோசியேஷன் என்ற சங்கம். 2013 வரையில் அதற்கு வேறு பெயர். எந்தப் பாகம் எந்தக் காருக்குப் பொருந்தும் என்று சொல்லும் முறைக்கு ஏஸஸ் என்றும், அந்தப் பாகத்தின் எடை, அளவு, விலை முதலியவற்றைச் சொல்லும் முறைக்குப் பைஸ் என்றும் பெயர். அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ ரோடுகளில் ஓடும் கார்களுக்கெல்லாம் வகைவாரியாக எண் கொடுத்து ஒரு பெரிய பட்டியல். பாகங்களின் பெயர்களுக்கும் எண். "பதினாறு அங்குலச் சக்கரத்துக்கு மட்டும்" என்பது போன்ற நிபந்தனைகளுக்கும் எண். இந்தப் பட்டியல்களைச் சந்தா கட்டித்தான் வாங்கவேண்டும். ஐரோப்பாவில் டெக்டாக் என்று தனி ஏற்பாடு. அவர்கள் எண் வேறு, இவர்கள் எண் வேறு. பொதுப் பாஷைகள் இரண்டு இருந்தால் அவற்றுக்கு நடுவே மறுபடியும் ஒரு துபாஷி வேண்டியிருக்கிறது!

ஒரே தொழிலில் இருப்பவர்கள் கூடினால் பேச்சு எப்படியாவது விலையை ஏற்றும் சதியில் போய் முடியும் என்ற கருத்தில் ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதி வைத்திருக்கிறார். இப்படிப்பட்ட சங்கக் கூட்டங்களில், "விலையைப் பற்றி யாரும் இங்கே பேசக் கூடாது" என்று முதலில் படித்துக் காட்டிவிட்டுத்தான் காரியத்தை ஆரம்பிப்பார்களாம். ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிக்கக் காத்திருக்கிறவர்கள் ஒரு பெயருக்குச் சம்மதிக்கிறார்கள் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. எப்படிச் சம்மதித்தார்கள்?

பள்ளிக்கூடத்தில் படித்த நன்னூல் ஞாபகத்துக்கு வந்தது. காரணப் பெயர், இடுகுறிப் பெயர் என்று இரண்டு சொல்வார்களே, அதுதான். காரணப் பெயரில் எப்போதும் ஒரு வழக்கு இருக்கிறது. உன் காரணம் சரியா, என் காரணம் சரியா என்று கேட்கலாம். என் பெயர் தோற்றால் நானே தோற்றது போல. எண் என்பது சுத்தமான இடுகுறி. அதில் யாருடைய புத்திசாலித்தனமும் இல்லை. ஆகவே யாருடைய கௌரவத்துக்கும் குறைவில்லை. மனிதர்கள் சமாதானமாகப் போவதற்கு அர்த்தமுள்ள சொல்லைவிட அர்த்தமில்லாத எண் அதிகம் உதவுகிறது என்பது, சொல்லை விற்றுப் பிழைக்கும் எனக்கு அவ்வளவு சந்தோஷமான சமாசாரம் அல்ல.

பசியும் சமாதானம் செய்து வைக்கும். 1948 ஜூன் மாதம் சோவியத் யூனியன் மேற்கு பெர்லினுக்குப் போகும் தரைவழிகளை அடைத்தபோது, ஒரு நகரத்துக்கே சாப்பாடும் கரியும் ஆகாயத்தில் போகவேண்டியிருந்தது. வந்த சரக்குப் பட்டியல்களோ ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. அமெரிக்க ராணுவத்தில் இருந்த எட்வர்ட் கில்பர்ட் என்பவரும் அவருடைய சகாக்களும், டெலெக்ஸிலோ டெலிபோனிலோ சொல்லக்கூடிய ஒரே மாதிரிப் பட்டியல் ஒன்றை வகுத்தார்கள். பிற்பாடு அவர் வியாபார உலகத்துக்கு வந்து அதே யோசனையை வளர்த்தார். 1979-ல் எக்ஸ் 12 என்ற கமிட்டி ஏற்பட்டு, ஆர்டரும் பில்லும் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் ஒரே வடிவத்தில் போகத் தொடங்கிய கதைக்கு அது ஒரு முன்னுரை.

"இவ்வளவு ஏற்பாடு இருக்கே, அப்புறம் எப்படி ரெண்டு தடவை தப்பான பேடு வந்தது?" என்றேன்.

மாப்பிள்ளை லாப்டாப்பைத் திறந்து தேடினார். தேடத் தேட அவர் முகம் மாறிற்று. பேடு செய்த கம்பெனி சரியாகத்தான் சொல்லியிருந்தது. 'பதினாறு அங்குலச் சக்கரத்துக்கு' என்ற நிபந்தனையை எழுதியிருந்தது. ஆனால் அதை எண்ணாகக் கொடுக்காமல், வெறும் வாக்கியமாக ஒரு குறிப்பில் எழுதியிருந்தது. அடுத்த கம்ப்யூட்டர் எண்களைப் படித்தது. வாக்கியத்தைப் படிக்கத் தெரியாமல் விட்டுவிட்டது. அதற்குப் பிறகு கடைக்காரர்கள் இரண்டு பேரும் தங்களுக்கு வந்ததை அப்படியே சொன்னார்கள். பெரியவரும் தம் காரைப் பற்றி உள்ளதைத்தான் சொன்னார்.

"விட்டுப்போனது யார்கிட்டே?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எங்ககிட்டேதான். ரெண்டு கடைக்கும் எங்க காட்டலாக்தான் போகுது. இந்த மாதிரிக் குறிப்பையெல்லாம் விட்டுடலாம்னு ரூல் எழுதினதே நான்தான், மச்சான். ஆயிரக் கணக்கிலே வருது, பாதிக்கு மேலே குப்பை. ஃபைல் சோதனையிலே ஒரு தப்பும் காட்டலே. விதிப்படி எல்லாம் சரி."

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆயினும் மனசு ஒப்பவில்லை. வாய்மைக்கு இலக்கணம் சொல்ல வந்த வள்ளுவர், நடந்ததை நடந்தபடி சொல்வது என்று சொல்லவில்லை. பிறருக்குத் தீமை தராத சொல் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். சின்ன வயசில் இது எனக்கு ஒரு சலுகை போலத் தோன்றியது. நல்லதற்காகப் பொய் சொல்லிக்கொள்ளலாம் என்பதற்கு ஓர் அனுமதிச் சீட்டு. அன்றைக்குத்தான் அது சலுகை அல்ல, கூடுதல் பாரம் என்று பட்டது. உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று கையைக் கழுவ முடியாது. அது எதிராளியிடம் உண்மையாகவே போய்ச் சேர்ந்ததா என்றும் பார்க்கவேண்டும். பேடு செய்தவன் தனக்குச் சௌகரியமான பாஷையில் உண்மையைச் சொன்னான். என் மாப்பிள்ளை தம் கம்ப்யூட்டருக்குச் சௌகரியமான பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டார். இருவருடைய சௌகரியத்துக்கும் விலை கொடுத்தவர், அந்தச் சங்கத்தின் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார் என்று நினைக்கத் தோன்றும் ஒரு பெரியவர்.

இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்றும் கேட்டுக்கொண்டேன். கதை புரியவில்லை என்று வாசகர் யாராவது கடிதம் போட்டால், எழுதியதை எழுதிவிட்டேன், புரிந்துகொள்வது அவர் பாடு என்று இறுமாந்து இருந்தவன்தானே நான்?

மறுநாள் மாப்பிள்ளை பெரியவரைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். விஷயத்தைச் சொல்லி, இரண்டு நாள் லிஃப்ட் நஷ்டத்துக்காக ஒரு தொகையை நீட்டினார். பெரியவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பணத்தை வாங்கிக்கொள்ளவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. பலகையில் கிடந்த ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினார். அன்று காலையில் வேறொரு காருக்கு வந்ததாம், ஏதோ ஹோஸ். அதுவும் பொருந்தவில்லை. "இது யாருடையது என்று உங்கள் கம்ப்யூட்டரில் பார்க்க முடியுமா?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை எண்ணைக் குறித்துக்கொண்டார். அன்று ராத்திரி வெகு நேரம் அவர் அறையில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தபோது, விட்டுப்போன குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணாக மாற்றிக்கொண்டிருந்தார். பேடு கணக்கு முதலிலேயே முடிந்துவிட்டது என்றார்.

"அப்போ இனிமே தப்பா வராதே?"

"கடைக்கெல்லாம் புதுக் காட்டலாக் போய்ச் சேர இன்னும் மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் அதே பெட்டிதான் போகும், மச்சான்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.