சிரமதானத்தில் யார் யாருக்குக் கொடுக்கிறார்கள்?

இலங்கையில் பாடசாலை வளவைத் துப்புரவு செய்வது முதல் குளக்கட்டைத் திருத்துவது வரை, ஊர் கூடிச் சம்பளம் வாங்காமல் செய்யும் வேலைக்குச் சிங்களத்திலும் தமிழிலும் சிரமதானம் என்றே பெயர். இன்று அது பெரும்பாலும் ஒரு நாள் காலையோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அதை ஓர் இயக்கமாக வளர்த்த சர்வோதயத்தார் அதற்குள் ஒரு சமயக் கேள்வியை வைத்திருந்தார்கள். பிறருக்காக உழைக்கப்போகும் இளைஞன், அந்த உழைப்பால் தானும் மாற வேண்டும் என்று விரும்பலாமா? விரும்பினால் அது தானமாகுமா?

1958 டிசம்பரில், கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் விஞ்ஞான ஆசிரியரும் அந்த இயக்கத்தைத் தொடங்கியவருமான ஏ. டி. ஆரியரத்ன சுமார் 40 மாணவர்களையும் சக ஆசிரியர்கள் சிலரையும் கனத்தொலுவ என்ற சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். அது ரொடியா மக்களின் ஊர். சிங்களச் சாதி அடுக்கின் கடைசிப் படியிலும் இடம் கிடைக்காமல் வெளியே தள்ளப்பட்டவர்கள் அவர்கள். பரம்பரையாகப் பிச்சையெடுத்துப் பிழைக்க விடப்பட்டவர்கள். மற்றவர்களின் வீட்டுக்குள் கால் வைக்க அவர்களுக்கு அனுமதி இருந்ததில்லை. மாணவர்கள் அங்கே தங்கிக் கிணறு வெட்டினார்கள், மலசலகூடம் கட்டினார்கள், தோட்டம் போட்டார்கள். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று புத்தர் சொன்னது ஒரு பௌத்தப் பாடசாலைப் பிள்ளைக்குத் தெரியாத செய்தியல்ல. பரீட்சையில் கேட்டால் எழுதிவிடுவான். ரொடியா ஒருவர் தோண்டிப்போட்ட மண்ணை அவர் கையிலிருந்தே வாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பது வேறு விஷயம். பாடத்தில் இருந்தது அங்கேதான் பழக்கத்தில் ஏறியது.

தானம் பௌத்தத்துக்குப் புதிதல்ல. துறவிகளுக்கு உணவும் உடையும் அளிப்பதே அதன் வழக்கமான வடிவம்; கொடுத்தவருக்குப் புண்ணியம் சேரும் என்பது நம்பிக்கை. ஆரியரத்ன பெறுபவரையும் மாற்றினார், பலன் கிடைக்கும் காலத்தையும் மாற்றினார். பெறுபவர் துறவி அல்ல, ஒதுக்கப்பட்ட ஊர். பலன் அடுத்த பிறவியில் அல்ல, வேலை நடக்கும்போதே. தியானத்துக்குரியவையாக எண்ணப்பட்ட நான்கு பிரம்மவிகாரங்களை அவர் வேலைத்தளத்துக்குக் கொண்டுவந்தார். மெத்தா என்பது உயிர்கள் மீதுள்ள மதிப்பு. கருணா வெறும் இரக்கமல்ல; துன்பத்தின் காரணத்தை நீக்கும் செயல். அந்தச் செயல் பலித்ததைக் கண்டு எழும் மகிழ்ச்சி முதிதா. புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் அசையாத மனநிலை உபேக்கா. நான்கு உயர் உண்மைகளையும் இதே வழியில் விளக்கினார்: துன்பம் என்றால் சீரழிந்த ஊர், அதற்குக் காரணங்கள் உண்டு, மீட்சி உண்டு, அதற்கு வழியும் உண்டு. மரபில் ஊறியவர்களுக்கு இது அளவுக்கு மீறி உலகியல் சார்ந்ததாகத் தோன்றியதில் வியப்பில்லை.

சிரமதான முகாமில் உண்மையான பள்ளிக்கூடம் மண்வெட்டி பிடிக்கும் இடம் அல்ல, ‘பவுல் ஹமுவ’ எனப்படும் குடும்பக் கூட்டம். வந்தவர்களும் ஊராரும் பிள்ளைகளும் முதியவர்களும் ஒன்றாக உட்கார்வார்கள். சில நிமிடம் மெத்தா தியானம், பிறகு பாட்டு, பிறகு பேச்சு. யாரும் எழுந்து பேசலாம். ஐயா, சேர் என்ற அழைப்புகள் ஒதுங்கி, அக்கா, அண்ணா, தம்பி, தங்கை என்ற முறைப்பெயர்கள் வரும். இன்சொல்லும் சமமாக நடத்தலும் பௌத்தம் கூட்டு வாழ்வுக்கு வகுத்த நான்கு நெறிகளில் இரண்டு. மற்ற இரண்டு ஈகையும் பயன்தரும் செயலும். மழைக்காலத்தில் வெள்ளம் எந்தப் பக்கம் பாயும் என்பது ஊர்ப் பெரியவருக்குத் தெரியும், வகுப்பில் முதலாவதாக வரும் மாணவனுக்குத் தெரியாது. வாய்க்காலை எங்கே வெட்டுவது என்று அவரிடம் கேட்டுத்தான் அவன் தொடங்க வேண்டும். கொடுக்க வந்தவன் கேட்கும் இடத்தில் நிற்கிறான். பாடத்திட்டத்தில் எழுதி வைக்க முடியாத கல்வி இது.

இனி முதற்கேள்வி. பலனை எதிர்பாராமல் செய் என்பது கீதை வழி வந்தவர்களின் விடை. சர்வோதயம் என்ற பெயரையே தந்த காந்தி மரபிலும் அது ஆழமாக உண்டு. பௌத்தத்தின் விடை சற்று வேறு. பாளி மரபு, நல்லதைச் செய்ய எழும் விருப்பமான சந்தத்தைத் தண்ஹா எனும் வேட்கையிலிருந்து பிரித்தே பேசுகிறது. தன்னைத் திருத்திக்கொள்ள விரும்புவது குற்றமல்ல. அதைத் தன் பெயருக்குச் சேர்த்துக்கொள்ளத் துடிப்பதே வேட்கை. அதனால்தான் சர்வோதயம் தனிமனிதரின் விழிப்பையும் ஊரின் விழிப்பையும் ஒன்றில்லாமல் மற்றது இல்லை என்று வைத்தது.

மணிக்கணக்கு வந்தால் சிக்கல் தொடங்குகிறது. இந்தியாவில் 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்து, ஏழு நாள் முகாமிலும் கலந்துகொள்ள வேண்டும். கணக்கு நிர்வாகத்துக்குத் தேவைதான். ஆனால் சான்றிதழுக்காக வந்தவரிடம் சந்தம் எது, வேட்கை எது என்று அந்தக் கணக்கு சொல்லாது. முகாமுக்குப் போனபின் மனம் மாறியவர்களும் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. ரிச்சர்ட் கொம்பிரிச்சும் கணநாத் ஒபேசேகரவும் 1988இல் வெளியிட்ட நூலில், சர்வோதயம் காட்டும் ஒற்றுமை நிறைந்த கிராமம் நகர நடுத்தர வர்க்கத்தின் கற்பனை என்றார்கள். இதில் உண்மை இருக்கிறது. காணியும் கட்சியும் சாதியும் பிரித்து வைத்த ஊரைச் சில நாள் மண் வேலை மாற்றிவிடாது. மாணவன் கற்றுக்கொண்டு வீடு திரும்புவான். ரொடியா ரொடியாவாகவே இருப்பார். அப்படியானால் ஓர் ஊரின் வறுமை இன்னொருவரின் பாடப்புத்தகமாகிவிடுகிறது. இந்தக் குறையை நல்லெண்ணத்தால் மட்டும் தீர்க்க முடியாது. ஊரார் தாங்களே அழைத்து, என்ன வேலை என்று தாங்களே முடிவு செய்து, வந்தவர்களுக்குச் சமமாக உழைத்து, வந்தவர்கள் போனபின்னும் தொடர்ந்து செய்யும் முகாமுக்கு மட்டுமே சிரமதானம் என்ற பெயர் பொருந்தும். மற்றவை கல்விச் சுற்றுலாக்கள்.